ஃபெல்ட் துணியும் கைத்தையலும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு துணியைப் பற்றி. ஃபெல்ட் என்று அதற்குப் பெயர். இடுப்பில் கட்டுகிற பெல்ட் வேறு, இது வேறு. கடையில் ‘காயின் ஃபெல்ட்’ என்று மலாயில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாலர் பள்ளிச் சுவரில் வண்ண வண்ணமாகப் பூக்களையும் எழுத்துகளையும் வெட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். சற்றுத் தடிப்பாக, மெத்தென்று, ஓரம் மடிக்காமலே பிசிறில்லாமல் இருக்குமே, அதுதான் ஃபெல்ட்.

தையல் என்று சொன்னவுடன், “எங்கள் வீட்டில் தையல் மிஷின் இல்லையே” என்று சிலர் நினைக்கலாம். இதற்கு மிஷின் வேண்டாம். ஓர் ஊசி, நூல், கூர்மையான கத்தரிக்கோல் இருந்தால் போதும். வேலை முடிந்து வந்து, சமையலும் முடிந்து, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அரைமணி நேரத்தில் இதைச் செய்யலாம். ஆனால் இந்தத் துணியின் குணம் தெரியாமல் கைவைத்தால் காசும் போகும், உழைப்பும் போகும். பாவாடை சட்டை தைத்த பழக்கத்தை அப்படியே இதில் காட்ட முடியாது. ஆகவே முதலில் துணியின் குணத்தை அறிந்துகொள்வோம். அடுத்துத் தையலைப் பார்ப்போம். பிறகு, வீட்டுப் பிள்ளைக்கும் வீட்டு வருமானத்துக்கும் இதனால் என்ன பயன் என்று கணக்குப் பார்ப்போம்.

சேலையும் கைலியும் தறியில் பிறந்தவை. நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்கிறோம். குறுக்கே ஓடும் நூலை ஊடை என்கிறோம். இரண்டும் மேலும் கீழுமாகக் கோத்துக்கொள்வதால் துணி நிற்கிறது. பனியன் துணி வேறு வகை; அதில் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னியிருப்பார்கள். ஃபெல்ட் இந்த இரண்டிலும் சேராது. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, கண்ணியும் இல்லை. சொல்லப்போனால் நூலே இல்லை. நூலாகத் திரிக்கப்படாத மயிரிழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தகடுபோல் ஆகிவிட்டதுதான் ஃபெல்ட்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கித்தாப் பாலைத் தொட்டியில் ஊற்றி, அமிலம் கலந்து உறைய வைத்து, உருளை இயந்திரத்தில் கொடுத்து ஷீட்டாக எடுத்தார்கள் அல்லவா? அந்த ஷீட்டை யாரும் நெய்யவில்லை, பின்னவில்லை. பால் தானாக உறைந்து ஒட்டிக்கொண்டது. ஃபெல்ட்டும் அப்படித்தான். அங்கே பால் உறைந்தது. இங்கே மயிரிழை சிக்கிக்கொண்டது.

ஏன் சிக்கிக்கொள்கிறது? ஆட்டு ரோமத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், ஓட்டு வீட்டுக் கூரையைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். வெந்நீரும் சவர்க்காரமும் பட்டால் அந்தச் செதில்கள் விரியும். அப்போது அழுத்திக் கசக்கினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து மாட்டிக்கொள்ளும். செதில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால், போன இழை திரும்பி வராது. எண்ணெய் வைத்து வாராத கூந்தலில் சிக்கு விழுந்தால் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். அந்தச் சிக்கையே வேண்டுமென்று உண்டாக்கி, அழுத்தி, துணியாக்கிவிட்டார்கள்.

இந்த வித்தை மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்தில் உள்ள கல்லறைகளை 1947 முதல் 1949 வரை ருடென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் தோண்டினார். பனியில் உறைந்து கெடாமல் இருந்த ஃபெல்ட் திரைகளும் சேண விரிப்புகளும் அங்கே கிடைத்தன. அவை 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. மங்கோலிய மக்களின் வட்டக் கூடாரத்துக்குப் போர்வை இந்தத் துணிதான். காஷ்மீரில் நம்தா என்ற பெயரில் கம்பளி விரிப்பாகச் செய்து, அதன்மேல் பூவேலை செய்கிறார்கள். கிர்கிஸ்தானில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஃபெல்ட் கம்பளங்களை, அழிந்துவிடாமல் காக்க வேண்டிய கலை என்று 2012-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இவையெல்லாம் குளிர்நாடுகள், ரோமம் மிகுந்த ஆடுகள் மேயும் நாடுகள். நம் முன்னோர் வாழ்ந்தது பருத்தி விளையும் வெப்ப நாடு. ஆகவே இந்தத் துணி நம் வழக்கத்தில் இல்லாமல் போனதில் வியப்பில்லை. ஆனாலும் பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே ஃபெல்ட் துண்டுகள் இருக்கும். கட்டை மேலும் கீழும் போகும்போது ‘டக் டக்’ என்ற ஓசை கேட்காமல் அடக்குவது அதுதான்.

இப்போது நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் அன்று. பாலியஸ்டர் என்னும் செயற்கை இழை. அதில் செதில் கிடையாது. வெந்நீரில் கசக்கினாலும் சிக்காது. ஆகவே தொழிற்சாலையில் முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகளை வேகமாக மேலும் கீழும் குத்தச் செய்கிறார்கள். ஊசியின் முள் மேலே உள்ள இழையை இழுத்துக்கொண்டு கீழே போகிறது. இப்படிக் குத்திக் குத்தியே இழைகளைச் சிக்கவைக்கிறார்கள். நாம் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் போத்தல்களை உருக்கி, இழையாக்கி, அதிலிருந்து ஃபெல்ட் செய்வதும் உண்டு. ரோம ஃபெல்ட் இங்கே அரிது, விலையும் கூட. பழகுவதற்குப் பாலியஸ்டரே போதும்.

பாவும் ஊடையும் இல்லாத துணி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற எல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

பாவு ஊடை இல்லை. ஆகவே நேர்வாட்டம், குறுக்குவாட்டம் என்று பார்க்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் திருப்பியும் வெட்டலாம். துணியின் மூலையில் மிஞ்சிய துண்டும் வீணாகாது. நூல் இல்லை, ஆகவே பிரிவதற்கும் ஒன்றுமில்லை. ஓரம் மடித்து அடிக்க வேண்டியதில்லை. இவை இரண்டும் நன்மை.

தீமையும் அதே காரணத்தால்தான் வருகிறது. நெய்த துணியை இழுத்தால் நூல் தாங்கும். ஃபெல்ட்டை இழுத்தால் தாங்குவதற்கு நூல் இல்லை. இழைகள் மெல்ல நழுவி, துணி தொய்ந்துபோகும். தொய்ந்தது பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பள்ளிச் சட்டை, காற்சட்டை, பாரம் சுமக்கும் பை ஆகியவற்றுக்கு இது ஆகாது. ஊசிக்குத்தை மிக நெருக்கமாகப் போட்டால், தபால் தலையின் ஓரத்தில் துளை போட்டதுபோல் ஆகி, அந்த வழியே கிழியும். அடிக்கடி தேய்த்தால் மேற்பரப்பில் சிறு சிறு உருண்டைகளாகப் பஞ்சு எழும்பும்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? கோலாலம்பூரில் துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில் துணிக்கடைகள் நிறைய உண்டு. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக்கும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்கும் சேலை எடுக்கப் போகிற வழக்கம் நமக்குண்டு. ஃபெல்ட் அதிகமாகக் கிடைப்பது எழுதுபொருளும் கைவினைப் பொருளும் விற்கும் கடைகளில். ஏ-4 தாள் அளவில், அதாவது 21 செண்டிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் நீளமுமாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். மீட்டர் கணக்கில் கிடைத்தால் மீட்டராக வாங்குவதே பெரும்பாலும் ஆதாயம்.

முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சில இடங்களில் வெளிச்சம் ஊடுருவி, சில இடங்களில் இருளாகத் தெரிந்தால் தடிப்பு சமமாக இல்லை என்று பொருள். இரண்டாவதாக, பெருவிரலால் ஓர் ஓரத்தைப் பத்துத் தரம் தேய்க்க வேண்டும். அதற்குள்ளேயே பஞ்சு எழும்பினால் அது நீடிக்காது. மூன்றாவதாக, மடித்துப் பார்க்க வேண்டும். ஃபெல்ட்டில் மென்மையானது, விறைப்பானது என்று இரண்டு வகை விற்கிறது. விறைப்பானது அட்டைபோல் நிற்கும். சுவர் அலங்காரத்துக்கு நல்லது. ஆனால் கையால் தைப்பதற்குக் கடினம். தையல் பழக மென்மையான வகையை, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிப்பில் வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களை மட்டும் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் துடைத்தால், சாயம் போகுமா போகாதா என்று தெரிந்துவிடும். சாயம் போகிற துண்டை வெள்ளைத் துண்டோடு சேர்த்துத் தைக்கலாகாது.

இனி வெட்டுவதைப் பார்ப்போம். துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தனியாக வைத்துக்கொள்வது அவசியம். அதே கத்தரிக்கோலால் தாளும் ரொட்டிப் பையும் வெட்டினால் முனை மழுங்கிவிடும். மழுங்கிய கத்தரிக்கோல் ஃபெல்ட்டைக் கடித்துக் குதறும். வளைவை வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கையைத் திருப்பாமல், துணி பிடித்த கையைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் ஓரம் படிக்கட்டுபோல் ஆகாமல் வழவழப்பாக வரும்.

உருவத்தை நேரே துணியில் வரையாமல், முதலில் தாளில் வரைந்து வெட்டி, அந்தத் தாளைத் துணிமேல் குண்டூசியால் குத்திக்கொண்டு சுற்றி வரைய வேண்டும். பேனா மை துணியில் நின்றுவிடும் என்பதால் வரைந்த பக்கத்தை உள்பக்கமாக்கிக்கொள்வது வழக்கம். அங்கேதான் கவனம் வேண்டும். எழுத்தை அப்படியே வரைந்து வெட்டித் திருப்பினால், கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறிவிடும். ‘ப’ மாறினாலும் தெரியாது; ‘ட’ மாறினால் எழுத்தே இல்லை. ஆகவே எழுத்துத் தாளைக் கவிழ்த்து வைத்து வரைய வேண்டும்.

தையலில் மூன்று தெரிந்தால் போதும்.

முதலாவது ஓட்டுத் தையல். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டு போவது. இலையின் நரம்பு, பூவின் காம்பு போன்ற அலங்காரக் கோடுகளுக்கு இது உதவும்.

இரண்டாவது பின்தையல். ஒரு குத்து முன்னே போய், மீண்டும் பின்னே வந்து குத்தி, இடைவெளி தெரியாமல் தொடர்கோடாகத் தைப்பது. ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டைக் கெட்டியாகப் பொருத்த இது வேண்டும்.

மூன்றாவதுதான் ஃபெல்ட்டுக்கென்றே பிறந்தது போன்ற தையல். பிளாங்கெட் தையல் என்பார்கள். சட்டையில் காஜா போடும் முறை தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. அதையே இடைவெளி விட்டுப் போடுகிறோம். இரண்டு துண்டுகளை ஓரம் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நூலின் முடிச்சு இரண்டு துண்டுகளுக்கும் நடுவே மறைய வேண்டும். ஊசி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே, முன்பக்கமாக வெளியே வரட்டும். அடுத்த குத்தை 4 மில்லிமீட்டர் தள்ளி, முன்னிருந்து பின்னாக இரண்டு துண்டுகளையும் துளைத்துக் குத்த வேண்டும். நூலை முழுவதும் இழுக்குமுன் ஓரத்தில் ஒரு கண்ணி நிற்கும். அந்தக் கண்ணிக்குள் ஊசியைப் பின்னிருந்து நுழைத்து இழுத்தால், நூல் ஓரத்தின்மேல் வந்து படுத்துக்கொள்ளும். இப்படியே சுற்றி வந்தால் ஓரம் முழுவதும் வேலிபோல் நூல் காவல் நிற்கும்.

குத்துக்குக் குத்து இடைவெளியும், ஓரத்திலிருந்து உள்ளே போகும் ஆழமும் ஒரே அளவாக இருந்தால் பார்வைக்கு அழகு. இறுக்கி இழுத்தால் துணி சுருங்கி அலையலையாகும். நூல் துணிமேல் படுத்தால் போதும். நூலின் நீளம் ஒன்றரை முழம் இருக்கட்டும். பூ அளக்கிறோமே, அந்த முழம்தான். அதற்குமேல் போனால் முடிச்சு விழுந்து பொறுமையைச் சோதிக்கும். பூவேலை நூலில் 6 இழை சேர்ந்திருக்கும். அதைப் பிரித்து 2 இழையாகவோ 3 இழையாகவோ கோத்துக்கொண்டால் போதுமானது.

பசை வைத்து ஒட்டிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் பசை துணிக்குள் ஊறி, காய்ந்தபின் கறைபோல் தெரியும். பிள்ளைகள் கையில் நான்கு நாள் தாங்காது. தைத்தது தாங்கும். அறுந்தாலும் அறுந்த இடத்தில் மட்டும் மீண்டும் தைத்துக்கொள்ளலாம்.

இப்போது, இதைக் கொண்டு முதலில் என்ன செய்வது? நாம் சொல்வது, வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து.

ஒன்றாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளை எழுத்தைக் கண்டு மிரளாமல் போக வேண்டும் என்பது ஒவ்வொரு தாயின் ஆசை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று அடுக்கினால் பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும். அதனால்தான் நம் ஆசிரியர்கள் ட, ப, ம என்று எளிய கோட்டெழுத்துகளிலிருந்து தொடங்குகிறார்கள். ஃபெல்ட்டில் வெட்டுவதற்கும் அவையே எளிது.

ஓர் எழுத்துக்கு 9 செண்டிமீட்டர் சதுரம், கோட்டின் அகலம் ஒன்றரை செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏ-4 அளவுத் துண்டில் ஆறு எழுத்து வெட்டலாம். நமக்கு வேண்டியவை: ‘அ’ ஒன்று, ‘ட’ இரண்டு, ‘ப’ இரண்டு, ‘ம’ இரண்டு, கால் என்னும் துணையெழுத்து இரண்டு, புள்ளிக்கு வட்டம் இரண்டு. மொத்தம் 11 துண்டுகள். இரண்டு ஏ-4 துணியில் முடிந்துவிடும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வேறு நிற நூலால் பிளாங்கெட் தையல் போட்டுவிட்டால் ஓரம் தொய்யாது.

இந்தப் பதினொன்றை வைத்து எத்தனை சொல் அமைக்கலாம் என்று பாருங்கள்: படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, அப்பா, அம்மா. ஒன்பது சொற்கள். ‘ம’ தலையில் புள்ளியை வைத்தால் ‘ம்’ ஆகிறது, எடுத்தால் மீண்டும் ‘ம’ ஆகிறது. ‘ப’ பக்கத்தில் காலை வைத்தால் ‘பா’ ஆகிறது. உயிரும் மெய்யும் சேர்ந்து எழுத்தாவதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கிறது. பாடப் புத்தகத்தில் அச்சடித்த புள்ளியை எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது.

பலகைக்கு ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தை வெட்டி, மென்மையான ஃபெல்ட் துணியால் போர்த்தி, பின்புறம் மடித்துத் தைத்துவிட வேண்டும். சுவரில் சற்றுச் சாய்த்து வைத்தால், எழுத்துகள் பசையில்லாமலே அதில் ஒட்டி நிற்கும். இழையும் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுதான் காரணம். ஆசிரியர்கள் ஃபிளானல் பலகை என்று நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்த கருவி இதுவே. விறைப்பான வகை ஃபெல்ட் இப்படி நன்றாகப் பற்றாது. ஆகவே இதற்கும் மென்மையான வகையே வேண்டும்.

எழுத்தைப் பலகையில் வைக்குமுன், பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து, எழுதும் வரிசைப்படி எழுத்தின்மேல் ஓட்டவைக்க வேண்டும். விரலும் படிக்கும். பிரிக்பீல்ட்ஸில் 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நடமாடுகிற பார்வையற்ற சகோதரர்களுள் எத்தனையோ பேர் பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவியே படித்து முன்னுக்கு வந்தவர்கள். கண்ணும் விரலும் சேர்ந்து படித்தால் எழுத்து இன்னும் ஆழமாகப் பதியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட அக்காமார் நம் குடும்பங்களில் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாததை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே காலத்தைத் தள்ளியவர்கள். ‘ம’ என்ற எழுத்தை வரைந்து, வெட்டி, அதன் ஓரம் முழுவதும் நூறு குத்துக் குத்தித் தைத்தவருக்கு அந்த எழுத்து பிறகு மறக்குமா? பிள்ளைக்கென்று தொடங்குகிற வேலையில் பாட்டியும் படித்துவிடலாம். யாரும் கேலி செய்யப்போவதில்லை. அவர் தைத்துக்கொண்டுதானே இருக்கிறார்!

அடுத்து வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சாலையோரக் கடைகள் முளைத்துவிடும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மாவிலை கிடைப்பது சிரமம். ஃபெல்ட்டில் மாவிலைத் தோரணம் செய்தால் ஆண்டுதோறும் எடுத்துக் கட்டலாம். இலை ஒன்று 6 செண்டிமீட்டர் அகலம், 14 செண்டிமீட்டர் நீளம். ஏ-4 துணியில் ஆறு இலை வரும். இரண்டு துணியில் 12 இலை. நடுநரம்பை ஓட்டுத் தையலால் போட்டு, மேல்முனையை 2 செண்டிமீட்டர் மடித்துப் பின்தையலால் தைத்து, அந்த மடிப்புக்குள் கயிற்றைக் கோத்தால் 90 செண்டிமீட்டர் வாசலுக்கு ஒரு தோரணம் ஆயிற்று.

விற்பதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்வோம். துணி, நூல், கயிறு எல்லாம் 5 வெள்ளி ஆகிறது. தைக்க மூன்று மணி நேரம் ஆகிறது. 15 வெள்ளிக்கு விற்கிறோம். “10 வெள்ளி லாபம்” என்று மகிழ்ந்துவிடுகிறோம். அது லாபமா? அது மூன்று மணி நேரக் கூலி. மணிக்கு 3 வெள்ளி 33 காசுதான். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. அதில் பாதிகூட நம் கைக்கு வரவில்லை. பஸ் கட்டணத்தை இன்னும் கழிக்கவே இல்லை.

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. முறையை மாற்ற வேண்டும். இலைகளை ஒவ்வொன்றாக வரையாமல், இரண்டு துணியை அடுக்கிக் குண்டூசி குத்தி ஒரே வெட்டில் வெட்டினால் நேரம் மிச்சமாகும். கை பழகினால் மூன்று மணி நேர வேலை ஒன்றரை மணியில் முடியும். பக்கத்து வீடுகளிலும் கோயிலுக்கு வருகிறவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுத் தைத்தால் அலைச்சல் இல்லை, தேக்கமும் இல்லை. அப்போது 20 வெள்ளிக்கு விற்றால், செலவு போக 15 வெள்ளி. மணிக்கு 10 வெள்ளி. இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். “வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே” என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கிற நேரம் எது? கைக்கு ஒரு விலை உண்டு; அதை முதலில் நாம் மதித்தால்தான் பிறர் மதிப்பார்கள்.

“வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்கலாம், முதலில் இவ்வளவு முன்பணம் கட்டுங்கள்” என்று யாராவது வந்தால் ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம். வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் கொடுக்க வேண்டும். நாம் அவருக்குக் கொடுப்பது எந்த ஊர் வழக்கம்?

முடிக்குமுன் சில எச்சரிக்கைகள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொம்மை தைத்தால், கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்கலாகாது, பிய்த்து விழுங்கிவிடும். நூலாலேயே கண்ணைத் தைத்துவிட வேண்டும். எழுத்துப் பலகையின் புள்ளி வட்டங்களும் சிறியவை; கைக்குழந்தை எடுக்காதபடி டப்பாவில் போட்டு மேலே வைக்க வேண்டும். பாலியஸ்டர் ஃபெல்ட் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சூடான சட்டி பிடிக்கும் துணியாக அதைத் தைக்க வேண்டாம். தோரணத்துக்கு நேர்கீழே அகல்விளக்கு வைக்கவும் வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை நேரே வைக்காமல், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுக் குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். அழுக்கானால் குளிர்ந்த நீரில் சவர்க்காரம் கலந்து, கசக்காமல், பிழியாமல், உள்ளங்கையால் அழுத்தி அலசி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். ரோம ஃபெல்ட்டாக இருந்தால் வெந்நீர் கூடவே கூடாது. அது ஏன் சுருங்கும் என்பதுதான் இப்போது நமக்குத் தெரியுமே!

நேயர்களே, வரும் சம்பள நாளில் இரண்டு துண்டு ஃபெல்ட், ஒரு நூல்கண்டு, ஓர் ஊசி வாங்குவோம். முதல் வாரம் பிளாங்கெட் தையலை மட்டும் மிஞ்சிய துண்டில் பழகுவோம். இரண்டாம் வாரம் ட, ப, ம மூன்றையும் வெட்டுவோம். மூன்றாம் வாரம் காலும் புள்ளியும் சேரட்டும். மாதம் முடிவதற்குள் நம் வீட்டுச் சுவரில் ‘அம்மா’ என்ற சொல் நிற்கும். அதை வைத்தது நம் பிள்ளையின் கையாக இருக்கும்.